தொடைச்சந்து நரம்பு

(மயிலாடும்பாறையில் ஒரு மாலைக் கூட்டத்தில் எலும்பு முறிவு மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, எதிர்வீட்டுத் திண்ணையின் விளிம்பில் தொடை அழுந்த வெகுநேரம் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், எழுந்து நிற்க முயன்று, கால் தம்முடையதே இல்லை என்பதுபோல் ஒரு கணம் தடுமாறி, தூணைப் பற்றிக்கொண்டு, "மரத்துப் போச்சு" என்று சிரித்தபடி காலை உதறிக்கொண்டு நின்றதை நான் இங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பேச வந்த விஷயத்தை அவர் எனக்கு முன்பே தொடங்கிவிட்டார். திண்ணையின் விளிம்பு அவருடைய பின்தொடையை அழுத்தியது. அதன் உள்ளே ஓடுகிற பெரிய நரம்பு ஒன்று சற்று நேரம் செய்தி கொண்டுபோவதை நிறுத்திவிட்டது. அழுத்தம் விலகியதும் எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்து, இரண்டு நிமிஷத்தில் கால் அவரிடமே திரும்பி வந்துவிட்டது. மரத்துப் போகிறது என்று தெரிந்து எழுந்துவிடக்கூடிய மனிதருக்கு அது சிரிப்புக்கு உரிய விஷயம். மயக்க மருந்தின் வசப்பட்டு, வலிக்கிறது என்று சொல்ல வழியில்லாமல் மேசையின்மேல் ஒருக்களித்துக் கிடக்கும் மனிதருக்கு, அதே நரம்பின்மேல் ஓர் இரும்புக் கருவியின் விளிம்பு அரை மணி நேரம் அழுந்துமானால், அவர் தம் பாதத்தை மாதக்கணக்கில், சில வேளை ஆயுள் முழுவதும், தேடவேண்டி வரும்.

அந்த நரம்புக்கு நம் மருத்துவர்கள் வழங்கும் பெயர் சயாடிக் நரம்பு. இடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒன்றிலிருந்து பிறந்த பெயர் அது. நீங்கள் 'சியாட்டிகா' என்று சொல்வது நரம்பின் பெயரன்று, அந்த நரம்பின் வழியே இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கிற வலியின் பெயர். ஆயுர்வேதம் அதே வலியைக் கிருத்ரசி என்றது. கிருத்ரம் என்றால் கழுகு. வலி வந்தவன் கழுகு நடப்பதுபோல் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பதைப் பார்த்து இட்ட பெயர். ஆனால் எனக்குப் பிடித்த பெயர் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. யாக்கோபு என்பவர் இரவெல்லாம் ஒருவரோடு மல்லுக்கட்டி, விடியுந்தறுவாயில் தொடைச்சந்தில் தொடப்பட்டு, அன்றுமுதல் காலை நொண்டி நடந்தார் என்று ஆதியாகமம் கூறுகிறது. அதன் நினைவாக யூதர்கள் இன்றளவும் ஆட்டின், மாட்டின் அந்த நரம்பைப் புசிப்பதில்லை, இறைச்சிக்காரர் அதைத் தேடி எடுத்து எறிந்துவிடவேண்டும். வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் அந்த நரம்பைத் தொடைச்சந்து நரம்பு என்று எழுதினார்கள். தொடையும் இடுப்பும் சந்திக்கும் இடத்து நரம்பு. இதைவிடத் தெளிவாக நான் ஒரு பெயர் கண்டுபிடிக்கப் போவதில்லை.

தமிழில் இதையெல்லாம் சொல்லமுடியுமா என்று நகரத்து நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் யாழ்ப்பாணத்தை நினைவூட்டினேன். அமெரிக்காவிலிருந்து 1847இல் அங்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற மருத்துவர், மானிப்பாயில் தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, ரண சிகிச்சையைப் பற்றி 1867இல் 'இரணவைத்தியம்' என்ற நூலையும், லண்டனில் 1858இல் வெளியான கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவி 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்ற நூலையும் வெளியிட்டார். ஆங்கிலத்தில் அச்சேறிப் பதினான்கே ஆண்டுகளில் தமிழில் வந்துவிட்ட சாஸ்திரம் அது. ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும், முடியுமா என்ற கேள்வி கேட்கப்படுவது நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

இனி நரம்புக்கு வருவோம். சரீரத்திலுள்ள நரம்புகளில் இதுவே பருமனில் பெரியது. தோன்றும் இடத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் அகலம், அதாவது ஓர் ஆணின் கட்டைவிரல் அகலம்; உருண்டையான கயிறுபோல் இல்லாமல் சற்றுத் தட்டையாக, நனைந்த வெண்பட்டு நாடாவைப்போல் மினுமினுத்துக்கொண்டு, மேலே மயிரிழைபோன்ற சிறு இரத்தக் குழாய்கள் ஓட, மஞ்சள் நிறக் கொழுப்பில் புதைந்து கிடக்கும். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், இடுப்பு முள்ளெலும்புகளைச் சார்ந்த நான்காம், ஐந்தாம் நரம்புகளும், அவற்றுக்குக் கீழே திரிகம் என்னும் எலும்பின் துளைகள் வழியே வரும் முதல் மூன்று நரம்புகளும் ஆக ஐந்து வேர்கள், மூல வைகையோடு முல்லையாறும் கொட்டகுடி ஆறும் வந்து கூடுவதுபோல் இடுப்புக் கூட்டின் உள்ளே கூடி, ஒரே பிரவாகமாகின்றன. கூடிய நரம்பு வெளியே வருவதற்கு எலும்பில் ஒரு வாசல் உண்டு. மதுரைக்குப் போகிறபோது நாம் ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து போகிறோம் அல்லவா? இருபுறமும் மலை, நடுவே ஒரு சந்து, சாலையும் ரயிலும் அதற்குள் நெருக்கிக்கொண்டு போகின்றன. இடுப்பெலும்பின் பின்புறத்திலுள்ள பள்ளமும் அத்தகைய கணவாய். பேரிக்காய் வடிவில் இருப்பதால் பிரிஃபார்மிஸ் என்று பெயர் பெற்ற தசை ஒன்று அதன் வழியே குறுக்கே வந்து, வாசலை மேலும் கீழுமாகப் பிரித்துவிடுகிறது. நம் நரம்பு அந்தத் தசையின் கீழ் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தபடி வெளியே வருகிறது.

வந்தபின் அது புட்டத்தின் பெருந்தசைக்கு அடியில் இறங்குகிறது. அந்தத் தசைக்கு இது ஒன்றும் கொடுப்பதில்லை. வழிப்போக்கனாகக் கடந்து போகிறது. அது இருக்கும் இடத்தை உங்கள் உடம்பிலேயே நீங்கள் கண்டுபிடிக்கலாம். பலகையில் உட்காரும்போது கீழே உறுத்துகிற எலும்பு ஒன்று உண்டல்லவா, அதன்மேல் ஒரு விரலை வையுங்கள். இடுப்பின் பக்கவாட்டில், வேட்டிக் கட்டுக்குக் கீழே, கையை வைத்துக் காலைத் திருப்பினால் உருளுகிற முண்டு ஒன்று அகப்படும். அதன்மேல் மற்றொரு விரல். இரண்டுக்கும் இடையே, பாதிக்குச் சற்று உள்ளே தள்ளி, அந்த நரம்பு ஓடுகிறது. தொடைச்சந்து மூட்டின் பந்தும் கிண்ணமும் அதற்கு முன்னால் இருக்கின்றன. இடையே உள்ளவை காலை வெளிநோக்கித் திருப்புகிற மெல்லிய தசைகள் சில மட்டுமே. மூட்டுக்குப் போகிற வைத்தியன் பின்புறமாகப் போனால் நரம்பின் வாசலைத் தாண்டியே போகவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

தொடையின் பின்னே கீழிறங்கி, பின்தொடைத் தசைகளுக்குக் கிளை கொடுத்து, முழங்காலின் பின்குழிக்குச் சற்று மேலே அது இரண்டாகப் பிரிகிறது. உட்புறக் கிளை டிபியல். ஆடுசதையையும் உள்ளங்காலையும் ஆள்வது அது. வெளிப்புறக் கிளை பெரோனியல். முழங்காலுக்கு வெளியே சிறிய எலும்பின் கழுத்தைச் சுற்றி முன்னே வந்து, பாதத்தை மேல்நோக்கித் தூக்குகிற தசைகளை இயக்குவது. சம்மணமிட்டு நெடுநேரம் பந்தியில் உட்கார்ந்து எழும்போது பாதத்தின் மேற்பக்கம் மரத்திருந்தால், மரத்துப் போனது இந்தக் கிளை.

பிரிவது கீழே என்றாலும், மேலே தொடக்கத்திலிருந்தே இவ்விரண்டும் ஓர் உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் இரண்டு தனித் தனி நரம்புகளே. அவற்றின் சுபாவம் வேறு. இங்கே தென்னந்தோப்பும் இலவமரமும் நிறைந்த ஊரில் எனக்கு உவமைக்குப் பஞ்சமில்லை. பல மெல்லிய தென்னங்கயிற்றுப் புரிகளை எடுத்து, இடையிடையே தாராளமாக இலவம்பஞ்சை வைத்துப் பொதிந்தால் எப்படியிருக்குமோ அப்படியிருக்கிறது டிபியல் பாகம். நசுக்கினாலும் பஞ்சு தாங்கிக்கொள்ளும். தடித்த புரிகள் சிலவற்றைப் பஞ்சைக் குறைத்து நெருக்கிக் கட்டினால் அது பெரோனியல் பாகம். போதாக்குறைக்கு இது மேலே கணவாயிலும் கீழே முழங்கால் பக்கத்து எலும்பின் கழுத்திலும் கட்டுண்டு இருப்பதால், இழுத்தால் நழுவிக் கொடுக்க அதற்கு இடமில்லை. தவிர, மூட்டை ஒட்டிய வெளிப்பக்கத்தில் கிடப்பதும் இதுவே. தொடைச்சந்தில் நரம்பு கெட்டது என்றால் பெரும்பாலும் பாதம் தூக்கும் சக்தி போயிருப்பதும், ஆடுசதை பிழைத்திருப்பதும் இதனால்தான். இடுப்பில் பட்ட அடிக்குப் பாதம் தொங்குவானேன் என்று நோயாளிகள் கேட்பதுண்டு. கயிற்றின் பஞ்சுக் கணக்கே அதற்கு விடை.

எல்லாருக்கும் ஒரே அமைப்பு என்று எண்ணிவிடக்கூடாது. பீட்டன், ஆன்ஸன் என்ற இருவர் 1937இல் பிணங்களை அறுத்துப் பார்த்து, நரம்பும் பேரிக்காய்த் தசையும் ஒன்றையொன்று கடக்கும் விதத்தை ஆறு வகையாகப் பிரித்தார்கள். பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு நான் சொன்னபடியே இருக்கும். எஞ்சியவர்களில் பலருக்கு நரம்பு உயரத்திலேயே இரண்டாகி, ஒரு பாதி தசையைத் துளைத்துக்கொண்டு வரும். புத்தகத்தில் ஒன்றும் மேசையில் வேறொன்றுமாக இருக்கும் அந்தச் சிலருக்காகவே, நரம்பு இங்கேதான் இருக்கும் என்று நிச்சயிக்காமல், எங்கே இருக்கிறது என்று விரலால் தேடுகிற வழக்கம் ஏற்பட்டது.

இவ்வூர்க்காரர்களின் இந்த நரம்புக்கு ஆபத்து எப்படி வருகிறது என்பதைச் சொல்லவேண்டும். கோடையில் இலவங்காய் பறிக்கிற காலத்தில் கிளை முறிந்து விழுந்தவர்களையும், தென்னையிலிருந்து சறுக்கியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கொடியது ஜீப். விடியற்காலையில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் ஜீப்புகளில், எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முழங்காலை மடக்கி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கையில் வண்டி எதிலேனும் மோதினால், முழங்கால் முன்னிருக்கும் இரும்பில் இடிக்கிறது. இடி தொடையெலும்பின் வழியே பின்னோக்கிப் பாய்ந்து, பந்தைக் கிண்ணத்திலிருந்து பின்பக்கம் தள்ளிவிடுகிறது. அந்தப் பந்து போய் நிற்கும் இடம் எது என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். இவ்விதம் பின்னோக்கி மூட்டு விலகியவர்களில் பத்தில் ஒருவருக்காவது நரம்பும் அடிபட்டிருக்கும் என்பது மருத்துவ உலகின் அனுபவம். கால் குட்டையாகி, முழங்கால் மடங்கி, பாதம் உள்நோக்கித் திரும்பிக் கிடந்தால் அது மூட்டு விலகியதன் லட்சணம். வயதானவர்கள் வழுக்கி விழுந்து, பாதம் வெளிநோக்கிச் சாய்ந்து கிடந்தால் அது தொடையெலும்பின் கழுத்து முறிந்ததன் லட்சணம். முந்தையதில் நேரம் மிகவும் பிரதானம். ஆறு மணி நேரத்துக்குள் பந்தைக் கிண்ணத்தில் சேர்த்துவிடவேண்டும். தாமதித்தால் நரம்போடு பந்தின் இரத்த ஓட்டமும் கெடும். ஆகையால் நாலு பேர் சேர்ந்து காலைப் பிடித்து இழுத்து நேராக்குவதும், எண்ணெய் போட்டு நீவுவதும், நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்க வைப்பதும் வேண்டாம். 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள். முன்பு இவ்வூரிலிருந்து பெரியகுளத்துக்கோ, பெரியவர்கள் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று இன்னும் சொல்லுகிற மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ கொண்டுபோகவேண்டியிருந்தது, இப்போது க.விலக்கிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

சரி, மருத்துவமனைக்கு வந்தாயிற்று. மூட்டைத் திறந்து சரிசெய்யவேண்டிய நிலை என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பல பாதைகள் உண்டு. முன்புறமாகப் போனால் நம் நரம்புக்குத் தூரம், ஆனால் தொடையின் முன்னே வேறு நரம்புகள் இருக்கின்றன. பக்கவாட்டில் போனால் புட்டத் தசைகளை ஆளும் இன்னொரு நரம்பு மேலே காத்திருக்கிறது. நரம்பில்லாத பாதை என்று ஒன்று கிடையாது. உடைந்த கிண்ணத்தைச் சீராக்குவதற்கும், நம் நாட்டில் முதியவர்களுக்கு அதிகமாகச் செய்யப்படுகிற பாதி மூட்டு மாற்றத்துக்கும் பின்புறப் பாதையே பெரிதும் பயன்படுகிறது. ஜெர்மானியரான லாங்கன்பெக் 1874இல் காட்டி, பின்னால் நோபல் பரிசு பெற்ற ஸ்விஸ் நாட்டுக் கோக்கர் திருத்திய பாதை அது. கோக்கருக்குப் பரிசு 1909இல் வந்தது தைராய்டு சுரப்பிக்காக, இடுப்புக்காக அன்று. அமெரிக்கரான ஆஸ்டின் மூர் தமது உலோகப் பந்தைப் பொருத்த இதன் ஒரு வகையை 1957இல் விவரித்தார். அவர் பெயர் தாங்கிய அந்தப் பந்து உங்களில் சிலருடைய பாட்டிமாரின் இடுப்பில் இருக்கக்கூடும். பந்து, கிண்ணம் இரண்டையும் மாற்றும் முழு மூட்டு மாற்றத்தை இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962இல் ஜான் சார்ன்லி; அவர் பக்கவாட்டில் சென்றார்.

பின்புறப் பாதையில் நடப்பதைச் சற்று அருகில் நின்று பாருங்கள். நோயாளி ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். பக்கவாட்டு முண்டின் பின்புறமாகத் தோலை வளைவாகக் கீறி, அடியிலுள்ள நார்த்திரையைப் பிளந்து, புட்டத் தசையின் நார்களை அறுக்காமல் விரலால் விலக்குகிறோம். விலக்கினதும் மஞ்சள் கொழுப்பு தெரிகிறது. இந்த இடத்தில் கைதேர்ந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். சுட்டுவிரலை அந்தக் கொழுப்புக்குள் மெல்ல விட்டு, பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பார். ஈரக் கயிறு ஒன்று விரலுக்கடியில் உருண்டு நழுவும். அகப்பட்டது. எல்லாருக்கும் அதைத் திறந்து கண்ணால் பார்க்கவேண்டிய அவசியமில்லை, தேவையில்லாமல் திறப்பதும் அதன் இரத்த ஓட்டத்துக்குக் கேடு; ஆனால் இருப்பிடம் தெரியாமல் அடுத்த அடி வைக்கக்கூடாது. பிறகு உதவியாளரிடம் காலை உள்நோக்கித் திருப்பச் சொல்லுவார். திருப்பினால், மூட்டை மூடியிருக்கிற குட்டைத் தசைகள் விறைத்து நீண்டு, கத்தி படவேண்டிய இடம் நரம்பிலிருந்து விலகி வரும். அந்தத் தசைகளை எலும்பில் ஒட்டியிருக்கும் முனையிலேயே வெட்டி, நுனியில் நூல் கோத்து, கதவு திறப்பதுபோல் பின்னோக்கி மடிப்பார். மடிந்த தசை நரம்பின்மேல் போர்வையாக விழும். இனி எந்தக் கருவி பின்பக்கம் வந்தாலும் முதலில் அந்தப் போர்வையில்தான் படும். கிண்ணத்தின் உடைவைச் சரிசெய்யும் நீண்ட சிகிச்சைகளில் முழங்காலை மடக்கியே வைத்திருக்கச் சொல்லுவார்; முழங்கால் மடங்கினால் நரம்பு தொய்யும், நீண்டால் வில்லின் நாண்போல் விறைக்கும். அரை மணிக்கொரு தரம், "முழங்கால் மடங்கியிருக்கா?" என்று கேட்கிற பெரிய மருத்துவரை இளைஞர்கள் கேலி செய்வதுண்டு. நானும் செய்திருக்கிறேன்.

அந்தக் கேலிக்கு நான் கொடுத்த விலையைச் சொல்லிவிடுகிறேன். ஊரின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் வேண்டாம். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, பயிற்சிக் காலத்தில், தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்த ஒரு மூதாட்டிக்குப் பாதி மூட்டு மாற்றியபோது, தசையை விலக்கிப் பிடிக்கும் இரும்புக் கொக்கியைப் பிடித்திருந்தவன் நான். பார்வைக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேண்டுமென்று எனக்குச் சொல்லப்பட்டது, இழுத்தேன். கொக்கியின் நுனி எலும்பின்மேல் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. சிகிச்சை அழகாக முடிந்தது, படமும் அழகாக இருந்தது. மறுநாள் காலை சுற்றிவரும்போது, "எப்படி இருக்கீங்கம்மா?" என்றேன். "இடுப்பு நல்லாருக்குய்யா. பாதந்தான் இன்னும் எந்திரிக்கல" என்றார். போர்வையை விலக்கினேன். கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்து முழு முயற்சியும் செய்தார், விரல் அசையவில்லை. முந்தைய இரவு முழுவதும் நாடியும் இரத்த அழுத்தமும் மணிக்கொரு தரம் எழுதப்பட்டிருந்தன. பாதத்தைத் தூக்கச் சொல்லி ஒருவரும் கேட்டிருக்கவில்லை. ஆகையால் அது மேசையின்மேல் நிகழ்ந்ததா, இரவில் இரத்தம் கட்டி அழுத்தியதா என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. என் கொக்கிதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் இன்றுவரை என்னால் நம்ப முடியவில்லை. அந்த அம்மாள் பிறகு நடந்தார். நாற்று வயலின் சேற்றில் நடப்பவரைப்போல் முழங்காலை உயரத் தூக்கித் தூக்கி நடந்தார். செருப்பு கழன்று விழுந்தால் அவருக்குத் தெரியாது; நாலடி போய், பின்னால் வருகிறவர் சொல்லித் திரும்பி வருவார்.

கத்தி பட்டு இந்த நரம்பு அறுபடுவது மிகவும் அபூர்வம். இழுபடுவது, நசுங்குவது, சூடுபடுவது, இரத்தக் கட்டினால் நெருக்கப்படுவது ஆகியவையே வழக்கமான தீங்குகள். சிறு வயதில் மூட்டு கெட்டுக் கால் குட்டையாகிப் போனவர்களுக்கு, ஒரே நாளில் காலை நீட்டிக் கொடுக்கவேண்டுமென்று ஆசை வரும்; நான்கு சென்டிமீட்டருக்கு மேல் நீட்டினால் நரம்பு உடன்வர மறுக்கும் என்பது எங்கள் வாய்ப்பாடு, சிலருக்கு அதற்குக் குறைவிலும் மறுக்கும். ஆகையால், நீட்டுவதைக் குறைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் தொடையெலும்பையே கொஞ்சம் வெட்டிக் குறைப்பதும் உண்டு. பந்தை ஒட்ட வைக்கும் எலும்பு சிமெண்ட் இறுகும்போது கொதிக்கும். வெளியே வழிந்தால் நரம்பைச் சுடும். அமெரிக்காவில் 1991இல் வெளியான கணக்கு ஒன்றில், மூட்டு மாற்றிய 3,126 இடுப்புகளில் 53இல் நரம்புச் சேதம் கண்டார்கள், நூற்றுக்கு 1.7. முதன்முறை மாற்றியவர்களுக்குக் குறைவாகவும், இரண்டாம் முறை மாற்றியவர்களுக்கும் பிறவியிலேயே மூட்டு பிசகியவர்களுக்கும் அதிகமாகவும் இருந்தது. நரம்பு கெட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரில் காரணம் இன்னதென்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. பாதம் தொங்கிய ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவன் குற்றவாளி என்று யாரேனும் சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டலாம். இது விதி, யாரும் பொறுப்பில்லை என்று மருத்துவன் சொன்னால், மற்ற பாதியைக் காட்டலாம்.

நசுங்கிய நரம்பு பெரும்பாலும் சில வாரங்களில் விழித்துக்கொள்ளும். உள்ளே இழைகள் அறுந்து உறை மட்டும் பிழைத்திருந்தால், அவை அந்த உறைக்குள்ளேயே மறுபடி வளர்ந்து வரும். வேகம் நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர். தொடைச்சந்திலிருந்து முன்காலின் தசைக்கு ஏறத்தாழ அரை மீட்டர் தூரம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றரை வருஷம் ஆகிறது; அதற்குள் காத்திருக்கும் தசை வாடிச் சுருங்கிவிடக்கூடும். இடைக்காலத்தில் பாதத்தைத் தாங்கும் அச்சுச் செருப்பு போட்டு, கணுக்கால் இறுகிப்போகாமல் நாள்தோறும் கையால் மடக்கி வரவேண்டும். அப்படியும் திரும்பாதவர்களுக்கு ஒரு வழி உண்டு, அதில் தமிழ்நாட்டுக்குப் பெரும்பங்கு உண்டு. தொழுநோய் இதே பெரோனியல் நரம்பை முழங்கால் பக்கத்தில் தாக்கிப் பாதத்தைத் தொங்கவிடும். 1946இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கையையும் காலையும் சஸ்திர சிகிச்சையால் சீராக்க முடியும் என்று காட்டினார். செங்கற்பட்டில் எச். ஸ்ரீனிவாசனும் அவருடைய சகாக்களும், பிழைத்திருக்கும் டிபியல் நரம்பால் இயங்குகிற ஒரு தசையின் நாணைக் கணுக்காலின் பின்னாலிருந்து முன்னே கொண்டுவந்து, இரண்டு வாலாகப் பிளந்து பாதத்தின் மேல் கட்டி, தொங்கும் பாதத்தை நிமிர்த்தும் முறையை 1968இல் வெளியிட்டார்கள். எவரும் தொட அஞ்சிய நோயாளிகளின் கால்களிலிருந்து கற்ற அந்த வித்தை இடுப்பு அடிபட்டவர்களுக்கும் பயன்படுகிறது.

சஸ்திர சிகிச்சைக்கே போகாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. காய்ச்சல் என்றதும் "இடுப்புல ஒரு ஊசி போட்டாத்தான் கேக்கும்" என்று நாம் கேட்டு வாங்குகிறோம். அந்த ஊசி புட்டத்தை நான்காகப் பிரித்து மேற்புற வெளிக்கால்வாசியில் மட்டுமே போடத்தக்கது. நடுவிலோ கீழேயோ போட்டால், குறிப்பாகச் சதைப்பற்றில்லாத மெலிந்த பிள்ளைகளுக்கு, ஊசி நேரே நரம்பில் இறங்கும். மின்னல் வெட்டியதுபோல் கால்வரை வலி பாய்ந்து, மறுநாள் பாதம் தொங்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். சிறு பிள்ளைக்குத் தொடையின் முன்பக்க வெளிப்புறமே பத்திரமான இடம். படிக்காத கைகளில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். மாத்திரை போதுமென்று மருத்துவர் சொன்னால் அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளோடு அமர்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இடுப்பு அறுவை நடந்து, வார்டுக்குக் கொண்டுவந்து கிடத்தி, முதுகில் போட்ட மயக்க ஊசியின் மரமரப்புத் தெளிந்ததும், நீங்கள் பழம் நறுக்குவதற்கு முன்பாக, போர்வையை விலக்கி, காலின் கட்டைவிரலை முகத்தை நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். மற்றக் காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மணிக்கொரு தரம், இரவிலும், மறுபடி கேளுங்கள். தூக்க வரவில்லை என்றாலும், முன்பு தூக்கியது பிறகு வரவில்லை என்றாலும், புட்டத்தில் வலி ஏறிக்கொண்டே போகிறது என்றாலும், விடியட்டும் என்று இராமல் அந்த நேரத்திலேயே சிஸ்டரை எழுப்பிச் சொல்லுங்கள். கட்டிய இரத்தத்தை உடனே வெளியேற்றினால் பிழைக்கிற நரம்பு, காலைவரை காத்திருந்தால் பிழைக்காமல் போகலாம்.